கண்ட இடத்தில் காரை நிறுத்தாதீர்கள்: கிராமத்துச் சாலைப் பயணங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையை ஒட்டிய ஒரு சாலையில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வளைவு திரும்பியதும், சாலையில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு புதுக் கார் நின்றது. நான்கு கதவும் திறந்து கிடந்தன. ஓட்டி வந்த இளைஞர் வருகிற வண்டிகளுக்கு முதுகைக் காட்டியபடி தண்ணீரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு சின்னப் பெண் திறந்த கதவுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் குதித்து விளையாடிக்கொண்டிருந்தாள். நான் மெதுவாக வந்ததால் நிறுத்த முடிந்தது. எனக்குப் பின்னால் வந்த வேனும் எப்படியோ நின்றுவிட்டது. அவர் கையை உயர்த்தி, "சாரி சார், ஒரு நிமிஷம்" என்றார். நல்ல மனிதர்தான். 15 வருடங்களுக்கு முன்னால் நான் எப்படி இருந்தேனோ அப்படியே இருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பெண் குதித்த இடம் கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். சீட் பெல்ட், டயரில் காற்று, குடித்துவிட்டு ஓட்டக் கூடாது, போனைப் பார்க்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். நகரத்தை விட்டு வெளியே ஒரு நாள் சும்மா சுற்றிவரக் கிளம்புகிறவர்கள் தெரியாமல் செய்கிற தவறுகள் வேறு.

"நூறு கிலோமீட்டர்தானே" என்று கிளம்புவது

கிராமத்துச் சாலைப் பயணத்தைக் கிலோமீட்டரில் அளக்கவே கூடாது, மணிக்கணக்கில்தான் அளக்க வேண்டும். மேப் காட்டுகிற நேரம் நீங்கள் எங்கேயும் நிற்காமல் போனால் ஆகிற நேரம். நிற்பதற்காகவே கிளம்புகிற பயணத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. ஐந்து நிமிடம் என்று சொல்லி இறங்குகிற எந்த நிறுத்தமும் 20 நிமிடத்துக்குள் முடிந்து நான் பார்த்ததில்லை. இறங்கி, நடந்து, படம் எடுத்து, பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டு, எல்லோரும் உட்கார்ந்து கதவு சாத்துவதற்குள் அவ்வளவு ஆகிவிடும். நான்கு இடத்தில் நின்றால் 80 நிமிடம் போயிற்று.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. போக மேப் காட்டும் நேரம் ஒன்றரை மணிக்கு மேல் போகக் கூடாது. நிறுத்தம் மூன்றுதான். அதில் ஒன்றாவது ஒரு மணி நேரம் உட்காருகிற இடமாக இருக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒரே நாளில் ஏழெட்டு இடங்கள் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அவற்றில் எதுவும் இப்போது நினைவில் இல்லை. ஆனால் ஒரு மதகுத் திண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தது அப்படியே நினைவிருக்கிறது. எதிரே ஒரு பட்ட கிளையில் மீன்கொத்தி ஒன்று இருந்தது. நான்கு முறை தண்ணீரில் பாய்ந்து வெறும் அலகோடு திரும்பியது. ஐந்தாவது முறை மீனோடு வந்து உட்கார்ந்து, அதைக் கிளையில் இடமும் வலமுமாக அடித்தது. மீன் அசைவு நின்றதும் தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கியது. அடித்த சத்தம் கரையில் எங்களுக்குக் கேட்டது. அடுத்த இடத்துக்கு அவசரப்பட்டிருந்தால் முதல் பாய்ச்சலோடு எழுந்து போயிருப்போம்.

சூரியன் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் திசையைத் தேர்ந்தெடுப்பது

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. காலையில் கிளம்பி மாலையில் திரும்புகிற பயணம் என்றால், நகரத்துக்கு மேற்கே போகிறவருக்குப் போகும்போதும் வரும்போதும் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். கிழக்கே போகிறவருக்கு இரண்டு வேளையும் கண்ணுக்கு நேரே அடிக்கும். அது ஓட்டுபவரைக் களைப்பாக்குவதோடு நிற்காது. எதிர்வெயிலில் வயலும் மலையும் கறுத்த நிழலாகத்தான் தெரியும். நிறங்களைப் பார்க்க முடியாது. கிழக்கே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் வெயில் மேலே ஏறிய பிறகு கிளம்புங்கள். முன்கண்ணாடியின் உட்புறத்தை முதல் நாளே துடைத்து வையுங்கள். வெளிப்புறத்தை எல்லோரும் துடைக்கிறார்கள். எதிர்வெயிலில் கண்ணை மறைப்பது உள்ளே படிந்திருக்கும் மெல்லிய பிசுக்குதான்.

சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் இன்னொன்றை நினைவில் வையுங்கள். எதிரே வருகிறவருக்கு அது கண்ணில் அடிக்கிறது. உங்களுக்குச் சாலை பளிச்சென்று தெரிவதால் அவருக்கும் நீங்கள் தெரிவீர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பகலானாலும் ஹெட்லைட்டைப் போட்டு ஓட்டுங்கள்.

மேப் சொல்கிற வழியிலேயே போவது

மேப் விரைவான வழியைத்தான் தேடும், அழகான வழியை அதற்குத் தெரியாது. நீங்கள் கிராமத்துச் சாலையைப் பிடித்து வைத்திருந்தாலும், சிக்னல் போய் வந்த ஏதோ ஒரு கணத்தில் சத்தமில்லாமல் நெடுஞ்சாலைக்குத் திருப்பிவிடும். போக நினைக்கிற சாலையில் மூன்று நான்கு ஊர்களை வழியில் நிற்கும் இடங்களாகச் சேர்த்துவிடுங்கள், அப்போது அதனால் மாற்ற முடியாது. அந்தப் பகுதி மேப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நிமிடம் மிச்சம் என்று அது காட்டும் குறுக்குவழியில் மட்டும் இறங்காதீர்கள். ஒரு கார் அகலமே உள்ள பாதையில் எதிரே லாரி வந்தால் அரை கிலோமீட்டர் ரிவர்ஸில் போக வேண்டியது நீங்கள்தான்.

ஓட்டுபவரே ரசித்துக்கொண்டு ஓட்டுவது

60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி பக்கவாட்டில் பார்த்தால், கார் 33 மீட்டர் போயிருக்கும். கண் போகிற பக்கம் கை போகும், கை போகிற பக்கம் கார் போகும். வண்டி ஓடும்போது காட்சி மற்றவர்களுக்கு. நின்ற பிறகுதான் ஓட்டுபவருக்கு. அது அவருக்கு அநியாயமாகத் தோன்றினால் பாதி வழியில் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள்.

கண்ட இடத்தில் நிறுத்துவது

இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு அதிகச் செலவு வைத்ததும் இதுதான், இன்றைக்கும் பார்த்தால் எரிச்சல் வருவதும் இதுதான்.

அன்றைக்கு அம்மா பின்சீட்டில் இருந்தார். ஒரு சரிவில் இறங்கி வளைவு திரும்பியதும், ஒரு பக்கம் முழுக்கச் சூரியகாந்தி. "டேய், அங்க பாருடா" என்றார் அம்மா. யோசிக்கவே இல்லை. பிரேக்கை அழுத்தி, ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்த பச்சைப் புல்லில் காரை இறக்கினேன். முன்சக்கரம் ஒன்று திடீரென்று கீழே போயிற்று. 'டங்' என்று ஒரு சத்தம். புல்லுக்கு அடியில் மழைத்தண்ணீர் போகக் கட்டிய கான்கிரீட் வாய்க்கால் இருந்திருக்கிறது. அதன் விளிம்பில் காரின் அடிவயிறு உட்கார்ந்துவிட்டது.

பக்கத்து வயலில் இருந்த ஒரு பெரியவர் டிராக்டரைக் கொண்டுவந்து, கயிறு கட்டி இழுத்துவிட்டார். காசு கொடுத்தபோது வாங்கவில்லை. போகும்போது குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, கீழ ஏதோ சொட்டுது, என்னன்னு பாத்துட்டு எடுங்க" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். ஏசி ஓடிக்கொண்டிருந்ததால் ஏசித் தண்ணீர் என்று நினைத்துவிட்டேன். விரலால் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டிருந்தால் தெரிந்திருக்கும்: தண்ணீர் விரலில் நிற்காமல் ஓடும், ஆயில் வழுக்கும், மூக்கருகே கொண்டுபோனால் வாசனை வரும். அடிபட்ட வேகத்தில் ஆயில் சம்ப், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கியிருக்கும் தொட்டி, விரிசல் விட்டு இன்ஜின் ஆயில் ஒழுகிக்கொண்டிருந்தது.

ஒன்றரை கிலோமீட்டர் போயிருப்பேன், சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. இரண்டு கிலோமீட்டரில் ஒரு சின்ன டவுன் இருந்தது. அதுவரை போய்விட்டால் மெக்கானிக் கிடைப்பார் என்று ஓட்டினேன். இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் கிளம்பியது. டவுனின் முதல் வீடு தெரிகிற தூரத்தில் கார் நின்றுபோனது. பேரிங்குகள் போய்விட்டன. இன்ஜினை இறக்கிச் சரிசெய்ய, அந்தக் காரை அன்றைக்கு விற்றால் கிடைத்திருக்கக்கூடிய தொகையில் மூன்றில் ஒரு பங்கு செலவானது. அம்மா வெயிலில் இரண்டு மணி நேரம் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார். அதை நினைத்தால்தான் இன்னும் வலிக்கிறது.

ஆறு மாதம் கழித்து அதே சாலையில் மறுபடியும் போனேன். நான் காரை இறக்கிய இடத்திலிருந்து சரியாக 300 மீட்டர் தள்ளி, சரளை கொட்டிய அகலமான இடம் இருக்கிறது. இரண்டு பஸ் நிற்கலாம். அங்கிருந்து பார்த்தாலும் அதே வயல்தான், இன்னும் நன்றாகவே தெரிகிறது.

இதில் நடப்பது எப்போதும் ஒன்றுதான். காட்சி கண்ணில் பட்டதும் கால் பிரேக்குக்குப் போய்விடுகிறது. காட்சி திடீரென்று கண்ணில் படுவது எங்கே? வளைவு திரும்பியதும், மேடு ஏறி முடிந்ததும். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் தெரியாத இடமும் அதேதான். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற ஒருவர் உங்களைப் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி எடுத்துக்கொண்டாலும், அதற்குள் அவர் 33 மீட்டர் வந்திருப்பார். நல்ல டயர், காய்ந்த சாலை என்றால், நிற்க இன்னொரு 35 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் கிட்டத்தட்ட 70 மீட்டர். கிராமத்துச் சாலையின் எத்தனையோ வளைவுகளில் 40 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. நீங்கள் ஹசார்டு லைட் (எல்லா இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் எச்சரிக்கை விளக்கு) போட்டிருக்கிறீர்களா இல்லையா என்பதே அவருக்கு நீங்கள் கண்ணில் பட்ட பிறகுதான் தெரியும். அந்த லைட்டை, கண்ட இடத்தில் வண்டியை நிறுத்துவதற்கான அனுமதிச் சீட்டுபோல நினைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. "ஒரு நிமிஷம்தான்" என்கிற பேச்சும் அப்படித்தான். மோதுவதற்கு ஒரு விநாடி போதும்.

அழகான இடம் வந்தால் தாண்டிப் போய்விடுங்கள். நான் மீண்டும் மீண்டும் சொல்வது இது ஒன்றுதான். வேகத்தை மெல்லக் குறைத்துக்கொண்டே போனால், நின்று பார்க்கத் தோதான இடம் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள் வந்துவிடும். முழுக் காரும் தாரை விட்டு வெளியே நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் 100 மீட்டருக்காவது சாலை நேராகத் தெரிய வேண்டும். தரை கண்ணுக்குத் தெரிய வேண்டும். புல் மூடியிருந்தால் அது தரையல்ல, அதற்கடியில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே டயர்த் தடம் பதிந்து இறுகிய மண் நல்ல அடையாளம். மழை பெய்து ஓரிரு நாளே ஆகியிருந்தால் அந்தத் தடத்தையும் நம்ப வேண்டாம். சந்தேகமாக இருந்தால் ஒருவர் இறங்கி, நடந்து, குதிகாலால் அழுத்திப் பார்த்துச் சொல்லட்டும். குதிகால் பதிந்தால் சக்கரம் புதையும்.

அந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பி நடந்துவந்து பாருங்கள். நடக்க முடியாதவர்கள் கூட இருந்தால், அடுத்த சந்திப்பில் திருப்பிக்கொண்டு வந்து பாருங்கள். ஐந்து நிமிடத்தில் வயல் எங்கும் ஓடிவிடாது. நிறுத்தும்போதே வெளியே போக வாகாக, முகம் சாலையைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். பிள்ளைகளைச் சாலையை விட்டுத் தள்ளியிருக்கும் பக்கத்துக் கதவு வழியாக மட்டும் இறக்குங்கள். இன்னொரு பக்கத்துக் குழந்தைப் பூட்டை வீட்டிலேயே போட்டுவிடுவது என் பழக்கம்.

இதையும் மீறி அடியில் பட்டுவிட்டால் உடனே இன்ஜினை அணையுங்கள். குனிந்து பாருங்கள், சொட்டுவதை விரலால் தொடுங்கள். ஓட்டும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், அது எரிந்த இடத்திலேயே ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். அந்த விளக்கு ஆயில் குறைகிறது என்று முன்கூட்டி எச்சரிப்பதல்ல. ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது, இரும்பும் இரும்பும் உரசத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். அதன் பிறகு ஓடுகிற ஒவ்வொரு நூறு மீட்டரும் உங்கள் கையிலிருந்து போகிற பணம்.

வயலுக்குப் போகும் வழியில் நிறுத்துவது

வெறுமையாகத் தெரியும். டிராக்டர் வரும். நிறுத்தாதீர்கள்.

காய்ந்த புல்லின் மேல் நிறுத்துவது

பச்சைப் புல் பள்ளத்தை மறைக்கும் என்றால், காய்ந்த புல் தீப்பிடிக்கும். பெட்ரோல் காரின் அடியில் இருக்கும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வண்டி ஓடும்போது பல நூறு டிகிரி சூடாக இருக்கும். வண்டியை அணைத்தவுடன் அது ஆறிவிடாது. உயர்ந்து காய்ந்த புல் அதைத் தொட்டால் பற்றிக்கொள்ளும். பின்னால் வயல் இருந்தால் அதுவும் சேர்ந்து போகும்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவது

சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் முதல் மலைச்சாலையில் செய்வது இது. சிலர் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலிலும் இறங்குகிறார்கள். இன்றைய இன்ஜின்களில் அது மிச்சமே இல்லை. கியரில் இருந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் எரிபொருள் விநியோகம் தானாக நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமலிருக்க எரிபொருள் செலவாகும். காரைப் பிடித்து நிறுத்தப் பிரேக்கைத் தவிர வேறெதுவும் இல்லாமலும் போய்விடும்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. புதிதாக இருக்கும்போது டாட் 4 வகை ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அது 155 வரை இறங்கிவிடலாம். தொடர்ந்து பிரேக்கை மிதித்து அந்தச் சூட்டை எட்டினால், குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகி, பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். ஏறுவதற்கு எந்த கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் காரிலும் கியரைக் குறைத்து வைக்க வழி இருக்கும். மலையடிவாரத்துக்கு வருவதற்கு முன்பே அதைத் தெரிந்துகொள்ளுங்கள். கருகிய வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூடான பிரேக் டிஸ்க் விரிசல் விடும்.

வளைவுச் சாலையில் பிள்ளைகளிடம் போனைக் கொடுப்பது

வாந்தி வரும். உடம்பு திரும்புவதைக் காது உணர்கிறது, கண்ணோ அசையாத திரையைப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வருகிற தொல்லை அது. தூரத்தில் இருக்கும் மலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இருட்டுகிறவரை நின்றுவிடுவது

கடைசி நிறுத்தத்தில் மனசு வராது. எனக்கும் இன்றுவரை அப்படித்தான். ஆனால் விளக்கில்லாத கிராமத்துச் சாலையில் அந்தி நேரத்தில் ஆடு மாடுகள் வீடு திரும்பும். பின்விளக்கு இல்லாத டிராக்டரும் சைக்கிளும் ஓடும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நாடுகளில் சூரியன் நேராகக் கீழே இறங்கிவிடுவதால் அந்தி வெளிச்சம் அரை மணி நேரம்கூடத் தாங்காது. வடக்கே தள்ளிப் போகப் போக, தெற்கே போனாலும் அப்படித்தான், அது சாய்ந்து இறங்கும். அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும்.

மிச்சம் எவ்வளவு நேரம் என்று அளக்கக் கையே போதும். கையை நேராக நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரி. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. அது நேராக இறங்கும் ஊர்களில் தொடுவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவில் ஒரு முஷ்டி இடம் இருந்தால் மறைய 40 நிமிடம். சூரியனை நேராகப் பார்க்காமல், முஷ்டியின் விளிம்பால் அதை மறைத்துக்கொண்டு அளந்து பாருங்கள்.

அஸ்தமனம் பார்க்காமல் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்கான இடத்தைப் பெரிய சாலைக்குப் பத்து நிமிடத் தூரத்தில் முன்பே பார்த்து வையுங்கள். எங்களுக்கு அப்படி ஒரு ஏரிக்கரை இருக்கிறது. சரளை போட்ட அகலமான கரை, இரண்டு பக்கமும் தூரம் வரை சாலை தெரியும். வேறெங்கோ மரத்தடியில் நான் எழுந்திருக்க மனசில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது, மனைவி எழுந்து நின்று கையை நீட்டிப் பார்ப்பாள். "இரண்டு முஷ்டிதான் இருக்கு, கிளம்புங்க" என்பாள். ஏரிக்கரைக்குப் போய்ச் சேரும்போது ஒன்று மிச்சமிருக்கும்.